வறுத்த பார்லியின் வாசம்

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஸ்டவுட் பீரைக் குடிப்பவர் அதில் பாதியைத்தான் ருசிக்கிறார். 4 டிகிரி செல்சியஸில் நாக்குக்குத் தெரிவது குளிர்ச்சியும் கொஞ்சம் கசப்பும் மட்டுமே. அதே கோப்பையை மேசைமேல் சற்று நேரம் விட்டுவைத்து, 12 டிகிரியைத் தொடும்போது எடுத்தால் காப்பி, கருப்பட்டி, கோகோ, லேசான புகை என்று ஒவ்வொன்றாக மேலே வரும். இதற்குக் காரணம் இரண்டு. மணம் தரும் மூலக்கூறுகள் திரவத்தை விட்டுக் காற்றில் ஏறினால்தான் மூக்குக்கு எட்டும். குளிரில் அவை எளிதில் எழுவதில்லை. இன்னொரு காரணம் நாக்கிலேயே இருக்கிறது. இனிப்பை உணரும் செல்களில் டிஆர்பிஎம்5 என்ற அயனிக் கால்வாய் உண்டு. சூடு கூடக்கூட அது தாராளமாகத் திறந்துகொள்கிறது என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் கண்டறிந்தார்கள். ஸ்டவுட்டில் ஈஸ்ட் தின்னாமல் விட்ட மாச்சத்தும் சர்க்கரையும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். கசப்பைத் தாங்கிப் பிடிப்பது அந்த மெல்லிய இனிப்புதான். குளிரில் அது மறைந்துபோக, கசப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது.

இந்த அத்தியாயத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் கோப்பை, இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் டாட்காஸ்டர் என்ற சிற்றூரில் சாமுவேல் ஸ்மித் ஆலை காய்ச்சும் ஓட்மீல் ஸ்டவுட். ஆல்கஹால் 5 சதவீதம். ஓட்ஸ் கலந்த ஸ்டவுட் என்ற வகை 1970களில் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. பீர் பற்றி எழுதிவந்த ஆங்கிலேயர் மைக்கேல் ஜாக்சன், 1977இல் வெளியிட்ட உலக பீர் வழிகாட்டியில் அதைக் குறிப்பிட்டிருந்தார். அதைப் படித்த அமெரிக்க இறக்குமதியாளர் சார்லஸ் ஃபிங்கல் கேட்டுக்கொண்டதன் பேரில், 1980இல் சாமுவேல் ஸ்மித் ஆலை அதை மறுபடி காய்ச்சியது. அதற்குச் சற்று முன்புதான், 1978இல், வீட்டில் பீர் காய்ச்சுவதைக் கூட்டரசு மட்டத்தில் அனுமதிக்கும் சட்டத்தில் அமெரிக்க அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்டிருந்தார். வீட்டு அடுப்பில் கற்றுக்கொண்ட பலர் சிறு ஆலைகள் தொடங்கினார்கள். கிராஃப்ட் பீர் என்று இன்று உலகம் அழைப்பது அங்கே வளர்ந்தது. அந்தச் சிறு ஆலைகளின் ஓட்மீல் ஸ்டவுட்டுகளுக்கு இந்த யார்க்‌ஷயர் புட்டிதான் முன்மாதிரி.

ஊற்றியதும் கோப்பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கன்னங்கரேல் என்று தெரிவது அடிப்பக்கம், திரவம் மெலிந்திருக்கும் ஓரத்தில், மாதுளைச் சிவப்பாக மாறும். ஸ்டவுட்டில் கறுப்பு நிறமி கிடையாது. அதில் இருப்பவை மெலனாய்டின்கள் என்ற பெரிய, ஒழுங்கற்ற மூலக்கூறுகள். அவை நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் விழுங்குகின்றன. கனமான அடுக்கில் எல்லா ஒளியும் அகப்பட்டுக்கொள்ள, மெல்லிய அடுக்கில் சிவப்பு மட்டும் தப்பி வருகிறது. ஆலைகளின் ஆய்வகங்கள் பீரின் நிறத்தை 430 நானோமீட்டர் ஒளியை வைத்து அளப்பதும் இதனால்தான். அது நீலமும் ஊதாவும் சேரும் இடம். மெலனாய்டின்களின் வேலை அங்கே நன்றாகத் தெரியும்.

இந்த மெலனாய்டின்கள் பிறக்கும் இடம் வறுக்கும் உருளை. அந்த உருளைக்கு ஒரு பிறந்த ஆண்டு உண்டு: 1817.

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் தெருவிலும் ஆற்றுத்துறையிலும் சுமை தூக்கியவர்கள் விரும்பிக் குடித்த கரும்பழுப்பு பீர், போர்ட்டர். அதன் வீரியம் கூடிய வகையே ஸ்டவுட். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, விறகு நெருப்பில் பழுப்பேற உலர்த்தி எடுத்த மால்ட்டுதான் அதன் முழு மூலப்பொருள். 1780களில் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஆலைகளுக்குள் வந்தது. பழுப்பு மால்ட்டில் கிடைக்கும் சர்க்கரை, இளநிற மால்ட்டில் கிடைப்பதைவிடக் கணிசமாகக் குறைவு என்று அது காட்டிக்கொடுத்தது. விலை மலிவான மால்ட் உண்மையில் நட்டம் என்று தெரிந்ததும், முதலாளிகள் இளநிற மால்ட்டுக்கு மாறினார்கள். பீர் வெளுத்தது. வாடிக்கையாளருக்கோ கறுப்பு வேண்டும். கருக்கிய சர்க்கரையில் தொடங்கிய கலப்படம் விஷம் வரை போனது. போதையைக் கூட்டுவதற்காக லண்டன் போர்ட்டரில் சேர்க்கப்பட்டவற்றில் ஒன்று இந்தியாவிலிருந்து கப்பலேறிய காக்காய்க்கொல்லி விதை. அதில் உள்ள பிக்ரோடாக்சின் நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பை உண்டாக்கக்கூடியது. நம் பக்கத்து விதை அந்தக் கோப்பைகளில் விழுந்திருக்கிறது என்பதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. 1816இல் பிரிட்டன் நாடாளுமன்றம் பீரில் இத்தகைய பொருள்கள் எதையும் சேர்க்கக் கூடாது என்று தடுத்தது.

அடுத்த ஆண்டு டேனியல் வீலர் என்பவர் ஒரு காப்புரிமை பெற்றார். காப்பிக்கொட்டை வறுப்பதைப் போலவே, சுழலும் இரும்பு உருளைக்குள் மால்ட்டைப் போட்டு நேரடித் தீ படாமல் கருக வறுக்கும் முறை அது. இந்தக் கறுப்பு மால்ட் ஒரு கைப்பிடி போதும், ஒரு பானை பீரின் நிறம் மாறிவிடும். மால்ட் என்பதால் சட்டத்துக்கும் உட்பட்டது. இன்றைய ஸ்டவுட்டின் தானியக் கலவையில் கருக வறுத்தது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். மீதியில் பெரும்பகுதி இளநிற மால்ட். அப்படித்தான் இருந்தாகவும் வேண்டும். 200 டிகிரிக்கு மேல் வறுபட்ட மால்ட்டில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் செத்துப்போயிருக்கும். அந்த வேலையை இளநிற மால்ட்டின் நொதிகள்தான் 66 டிகிரி வெந்நீரில் செய்து முடிக்கின்றன. வறுப்பவர்கள் 230 டிகிரியை நெருங்கும் கடைசி நிமிடங்களில் உருளையை விட்டு நகர மாட்டார்கள். கொஞ்சம் தாமதித்தால் தானியம் தீப்பற்றும். சரியான நொடியில் தண்ணீர் தெளித்து நிறுத்துவது கைப்பழக்கம்.

உருளைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கான முதல் துப்பு 1912இல் கிடைத்தது. லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் அமினோ அமிலங்களையும் சர்க்கரையையும் சேர்த்துச் சூடாக்கி, கலவை பழுப்பாவதைப் பதிவு செய்தார். அவர் பெயராலேயே வழங்கும் அந்த வினை உண்மையில் ஒரு வினையே அல்ல. நூற்றுக்கணக்கான வினைகள் கிளைத்துப் பின்னிக்கொள்ளும் ஒரு காடு. அதன் ஒரு கிளையில், லியூசின் என்ற அமினோ அமிலம் சிதைந்து 3-மெத்தில்பியூட்டனால் ஆகிறது. தனியே முகர்ந்தால் மால்ட்டும் கோகோவும் கலந்த மணம். வறுத்த கோகோ விதையிலும் இதே மூலக்கூறு உண்டு. இன்னொரு கிளையில் பைரசீன்கள் பிறக்கின்றன. வறுத்த நிலக்கடலை, வறுத்த காப்பி, சுட்ட ரொட்டி எல்லாவற்றிலும் இருக்கும் வறுவல் மணம் அவற்றினுடையது. கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் வழியாக வருவது ஃபர்ஃபுரைல்தயால். 1920களில் ஸ்டாடிங்கர், ரைக்ஸ்டைன் என்ற இரு வேதியியலர்கள் காப்பியின் மணத்தைப் பிரித்துப் பார்த்தபோது பிடிபட்டது இது. ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவே இருந்தாலும் மனித மூக்கு கண்டுபிடித்துவிடும்.

ஆகவே, “இதில் காப்பி வாசம் வருகிறது” என்று ஒருவர் ஸ்டவுட்டை முகர்ந்து சொல்வது கற்பனையும் அல்ல, பந்தாவும் அல்ல. காப்பிச் செடியும் பார்லியும் வெவ்வேறு குடும்பம், வெவ்வேறு நிலம். ஆனால் புரதமும் சர்க்கரையும் உள்ள எந்த விதையையும் அதே சூட்டில் அதே நேரம் வறுத்தால் அதே கிளைகள் வழியாகத்தான் வேதியியல் போகும். தானியத்தைவிட நெருப்பின் முத்திரைதான் இங்கே ஓங்கி நிற்கிறது. ஸ்டவுட்டை ருசிப்பது என்பதே அந்த முத்திரையைப் படிப்பதுதான் என்பேன்.

படிப்பதற்கு முக்கியமான கருவி மூக்கு, அதுவும் பின்வாசல் வழியாக. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு வாயில் வைத்துக்கொள்ளுங்கள். கசப்பு, கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, நாக்கில் ஒரு துவர்ப்பு. காப்பி எங்கே? இல்லை. விழுங்கிவிட்டு மூக்கை விடுவித்து, வாய் மூடியபடி மூச்சை வெளியே விட்டால் காப்பியும் கோகோவும் ஒரே நொடியில் வந்து நிறையும். வாயில் சூடான பீரிலிருந்து எழும் ஆவி, தொண்டைக்குப் பின்னால் ஏறி நாசியின் உச்சியில் உள்ள மணம் உணரும் படலத்தைத் தொடுகிறது. அங்கே மனிதருக்குச் சுமார் 400 வகை ஏற்பிகள் உண்டு. அவற்றின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991இல் வெளிப்படுத்தி, 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒரு மூலக்கூறு ஓர் ஏற்பியை மட்டும் தொடுவதில்லை; பலவற்றைப் பல அளவில் தொடுகிறது. மூளை அந்தச் சேர்க்கையைப் படித்து “காப்பி” என்கிறது. பீர் ருசிப்பவர்கள் ஒயின் ருசிப்பவர்களைப் போலத் துப்பிவிடாமல் சிறு மிடறாக விழுங்குவதற்கு இந்த மூச்சு ஒரு காரணம்.

நாக்கின் நுனியில் இனிப்பு, பின்புறத்தில் கசப்பு என்று பள்ளிப் புத்தகங்களில் ஒரு வரைபடம் உண்டு. அதை மறந்துவிடலாம். ஹேனிக் என்ற ஜெர்மானியர் 1901இல் கண்ட மிகச் சிறிய வேறுபாடுகளைப் பின்வந்தவர்கள் ஊதிப் பெரிதாக்கியதன் விளைவு அது. கசப்பு ஏற்பிகள் நாக்கெங்கும் உண்டு, சுமார் 25 வகை. ஸ்டவுட்டில் அவற்றுக்கு இரண்டு இடங்களிலிருந்து வேலை வருகிறது. ஹாப்ஸ் பூவின் ஹியூமுலோன் கொதிக்கும்போது உருமாறித் தரும் கசப்பு கூர்மையானது, நேராக வந்து நிற்கும். வறுவலின் கசப்பு மெதுவாக எழும், துவர்ப்பும் கரித்தன்மையும் சேர்ந்து வரும். நல்ல ஸ்டவுட்டில் இரண்டும் ஒன்றையொன்று மிதிக்காது. விழுங்கிய பின் எரிந்த ரொட்டியின் சாம்பல் மட்டும் நாக்கில் மிஞ்சினால் கறுப்பு மால்ட் கை மீறிப்போயிருக்கிறது என்று பொருள்.

அந்த லேசான புளிப்புக்கும் ஒரு கதை உண்டு. கருக வறுத்த தானியம் அமிலத்தன்மை கொண்டது. அதை வெறும் மென்னீரில் ஊறவைத்தால் கலவை அளவுக்கு மீறிப் புளித்து, சுவை கடுத்துவிடும். லண்டன், டப்ளின் நகரங்களின் நீரில் சுண்ணாம்புப் பாறையிலிருந்து கரைந்த பைகார்பனேட் நிறைய. அது அமிலத்தைச் சமன் செய்துவிடுகிறது. இதே நீரில் வெளிர்நிற பீர் காய்ச்சினால் கசப்பு கரகரப்பாகும். லண்டனும் டப்ளினும் கறுப்பு பீருக்குப் பெயர் வாங்க, மென்னீர் கொண்ட செக் நாட்டுப் பில்சன் நகரம் பொன்னிற பீருக்குப் பெயர் வாங்கியதில் நீருக்குப் பெரிய பங்கு உண்டு. வேதியியல் தெரியாத காலத்தில், எந்த ஊர்த் தண்ணீருக்கு எது படியும் என்று காய்ச்சிக் காய்ச்சியே கண்டுகொண்டிருக்கிறார்கள்.

வாய்க்குள் கிடைக்கும் வழவழப்பு தனிப் பாடம். நம் கோப்பையில் அது ஓட்ஸின் வேலை. ஓட்ஸில் உள்ள பீட்டா குளூக்கன் என்ற கூழ்மச் சர்க்கரைத் தொடர் திரவத்துக்குக் குழைவு தருகிறது. மில்க் ஸ்டவுட்டில் லாக்டோஸ் சேர்ப்பார்கள்; பீர் ஈஸ்ட்டால் அதைச் செரிக்க முடியாது, அப்படியே தங்கிவிடும். பால் ஒவ்வாதவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். டப்ளினின் கின்னஸ் ஆலை மூன்றாவது வழியைக் கண்டது, அதுதான் இயற்பியலர்களுக்கு விருந்து. 1959இல் அங்கே பணியாற்றிய கணிதப் பட்டதாரி மைக்கேல் ஆஷ், கார்பன் டை ஆக்சைடோடு நைட்ரஜனையும் சேர்த்துப் பீரை ஊற்றும் முறையை வடிவமைத்தார். நைட்ரஜன் நீரில் கரைவது மிகக் குறைவு. குறுகிய துளைகள் வழியே பீர் பீறிடும்போது அது மிக நுண்ணிய குமிழிகளாகப் பிரிகிறது. சுற்றியுள்ள காற்றில் 78 சதவீதம் நைட்ரஜனே என்பதாலும், அது எளிதில் கரையாது என்பதாலும், சிறு குமிழி கரைந்து பெருங்குமிழிக்குள் போவது மெதுவாகவே நடக்கும். நுரை வெண்ணெய் போலத் திரண்டு நிற்பது இதனால். கார்பன் டை ஆக்சைடு குறைவதால் நாக்கைக் குத்தும் கார்பானிக் அமிலமும் குறைகிறது.

அந்தக் குமிழிகள் கோப்பையின் ஓரத்தில் கீழ்நோக்கி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு அது கண்ணின் மயக்கமோ என்று தோன்றும். மயக்கமில்லை. அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகக் கணிதவியலர்கள் 2012இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். கோப்பை மேலே விரிந்தது. குமிழிகளோ செங்குத்தாக ஏறுகின்றன. சாய்ந்த சுவரை ஒட்டி அதனால் குமிழி குறைந்த அடுக்கு ஒன்று உருவாகிறது. குமிழி குறைந்தால் கனம் கூடும். அந்த அடுக்கு கீழே சரியும்போது நுண்குமிழிகளையும் இழுத்துச் செல்கிறது. நடுவில் எல்லாம் ஏறுகின்றன, நம் கண்ணுக்கு ஓரம் மட்டுமே தெரிகிறது. மேலே குறுகும் கோப்பையாக இருந்தால் ஓரத்திலும் குமிழி ஏறும் என்பதும் அதே கணக்கில் வந்தது.

இந்தக் கறுப்பும் திரட்சியும் சேர்ந்து மூளையை ஏமாற்றிவிடுகின்றன. குழாயில் ஊற்றும் கின்னஸில் ஆல்கஹால் 4.2 சதவீதமே. கரண்டியின் முதுகில் மெதுவாக ஊற்றினால் வெளிர்நிற பீரின் மேல் அது மிதக்கும், அவ்வளவு அடர்த்தி குறைவு. குடிப்பவரோ கனத்த, வலுவான பானம் என்றே உணர்கிறார். நிறம் மணத்தையும் திருத்திவிடும் என்பதற்குப் போர்தோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2001இல் வெளியான ஆய்வு சான்று: மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினை, ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அதை வர்ணித்தார்கள். இதனால்தான் ஆலைகளின் ருசிக் குழுக்கள் மும்முனைச் சோதனையை நம்புகின்றன: மூன்று கோப்பை, இரண்டில் ஒரே பீர், எது வேறு என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாகும் என்பதால் முடிவைப் புள்ளியியலால்தான் எடை போட முடியும். சிறு எண்ணிக்கையிலான மாதிரிகளிலிருந்து முடிவு காண்பதற்கு இன்றும் உலகம் பயன்படுத்தும் டி-சோதனை, 1908இல் “ஸ்டூடண்ட்” என்ற புனைபெயரில் வெளியானது. எழுதியவர் வில்லியம் சீலி காசெட், கின்னஸ் ஆலை ஊழியர். பார்லியும் ஹாப்ஸும் தந்த சிக்கல்களிலிருந்து பிறந்த கணிதம் அது.

கின்னஸ் விஷயத்தில் இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். அது உடம்புக்கு நல்லது என்று 1929 முதல் சுவரொட்டிகள் சொல்லின. பிள்ளை பெற்ற தாய்மாருக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும்கூட ஸ்டவுட் கொடுத்தார்கள், இரும்புச்சத்து என்று நம்பி. அதில் உள்ள இரும்பு மிகச் சொற்பம். ஆல்கஹால் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே வகைப்படுத்திவிட்டது. ருசிக்கக் கற்பதற்கு நூறு மில்லிலிட்டர் தாராளம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மருந்து என்று எண்ணி இதைத் தொடவே கூடாது.

ருசியைச் சொல்லில் வைப்பதில் நம்மவர்கள் தயங்குவதைக் கண்டிருக்கிறேன். பீர்ச் சுவைகளுக்குப் பொதுச்சொற்கள் வேண்டும் என்று 1970களில் மோர்டன் மைல்கார்ட் என்ற டேனிஷ் வேதியியலர் சுவைச் சக்கரம் ஒன்றை உருவாக்கினார். ஆலைகளுக்கு அது மிகவும் பயன்பட்டது. ஆனால் புட்டி லேபிள்களில் வரும் புரூன், டாஃபி போன்ற சொற்கள் நம் நாசியில் பதிந்த நினைவுகள் அல்ல. நமக்குக் கருப்பட்டி தெரியும், அதிமதுரம் தெரியும், சிவக்க வறுத்த உளுந்து தெரியும், அடிப்பிடித்த பாயசம் தெரியும். அவற்றை அப்படியே சொல்வதே துல்லியம். இலங்கையின் லயன் ஸ்டவுட்டுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். 1881இல் நுவரெலியாவில் தொடங்கிய ஆலையின் வழியில் வந்தது அது; காய்ச்சும் இடம் பின்னர் கொழும்பை அடுத்த பியகமவுக்கு மாறியது. அதே மைக்கேல் ஜாக்சன் இலங்கைக்குப் போய்க் குடித்துவிட்டு எழுதியதால் வெளியுலகம் அதை அறிந்தது. 8.8 சதவீத ஆல்கஹால், பழவாசம், நாக்கில் தங்கும் இனிப்பு. வெப்பநாட்டு ஸ்டவுட் என்ற தனி வகைக்கு இன்று அது முதல் உதாரணம். அதில் பனங்கருப்பட்டி வாசம் இருக்கிறது என்று சொல்லும் யாழ்ப்பாணத்துக்காரரின் மூக்கு, டாஃபி என்று எழுதும் லண்டன்காரரின் மூக்குக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

நம் சமையலறை மூக்குக்கு ஒரு சிறப்பு வாய்ப்பும் உண்டு. 9, 10 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள இம்பீரியல் ஸ்டவுட்டுகளை ஆண்டுக்கணக்கில் இருட்டில், குளுமையில் வைத்திருப்பார்கள். ஹாப்ஸின் கசப்பு மெல்லச் சிதைந்து மங்கும். சிறிதளவு ஆக்சிஜனோடு புதிய வினைகள் நடந்து, சோடோலோன் என்ற மூலக்கூறு உருவாகலாம். பழைய ஷெர்ரியிலும் மடெய்ராவிலும் இருப்பது அதுவே. ஐரோப்பிய நூல்கள் அந்த வாசத்தை ஷெர்ரி என்றோ சோயா என்றோ எழுதும். நம் வீட்டில் அதற்கு வேறு முகவரி: வெந்தயத்துக்கு அதன் மணத்தைத் தருவது முதன்மையாகச் சோடோலோன்தான். முதிர்ந்த ஸ்டவுட்டில் அது மெல்லியதாக இருந்தால் ஆழம், மிகுந்தால் குற்றம். ஒரே ஆலையின் ஒரே ஆண்டுப் புட்டிகள் இரண்டு கிடைத்தால் ஒன்றை உடனே திறந்து, முகர்ந்ததை முகர்ந்தபடி எழுதி வையுங்கள். மற்றதை மூன்று ஆண்டு கழித்துத் திறந்து, பழைய குறிப்பைப் பார்க்குமுன் புதிதாக எழுதுங்கள். டாட்காஸ்டர் ஓட்மீல் ஸ்டவுட்டிடம் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். 5 சதவீத பீருக்கு அந்தத் தாங்குசக்தி கிடையாது. நாளடைவில் நொனெனால் என்ற ஆல்டிஹைடு தலைதூக்கி, காப்பி வாசம் இருந்த இடத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்துவிடும். அதை வாங்கிய மாதத்திலேயே திறந்துவிடுவது நல்லது.